கல்லில் பொறித்த சாபம்



சாபம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது முனிவர் கைக் கமண்டல நீரே. புராணங்களில் சாபம் சினத்தின் வெளிப்பாடு. சபித்தவரின் தவவலி அதனாலேயே குன்றும் என்றும் கூறுவர். பிறரைச் சபித்தலையும் கடுஞ்சொல் கூறலையும் குற்றமென அறநூல்கள் விலக்குகின்றன. அங்ஙனமாயின், அறம் வளர்த்த திருக்கோயில்களின் சுவரிலேயே சாபத்தைப் பொறித்து வைத்தது எவ்வாறு பொருந்தும்? இவ்வினாவுக்குக் கல்வெட்டுகளைக் கொண்டே விடை காண விழைகிறேன்.

சோழர் காலத்து அறக்கொடை ஒன்றை எண்ணிப் பாருங்கள். கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று எரிய ஒருவர் 96 ஆடுகளை அளிக்கிறார். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்து வரவேண்டும். அவ்வாடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். இறந்தவற்றுக்கு ஈடாகக் குட்டிகள் வளர்வதால், மந்தையின் தொகை என்றும் குறையாது என்பது கருத்து. சந்திரரும் சூரியரும் உள்ளவரை விளக்கு எரிய வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆடு மூவாது, அளித்தவர் மூப்பார், மறைவார். ஆணையிட்ட மன்னரும் நிலையார். அரசமரபே மாறினும் மாறும். கடமை தவறியவர்க்குத் தண்டம் விதித்த சாசனங்களும் உண்டு. ஆனால், தண்டம் வாங்கும் அதிகாரமே மறைந்தபின் காப்பவர் யார்? அரசின் கை எட்டாத அந்த எதிர்காலத்தை நோக்கியே சாசனத்தின் இறுதியில் ‘ஓம்படைக் கிளவி’ எழுதப்பட்டது. இவ்வறத்தை அழிப்பவன் கங்கைக்கும் குமரிக்கும் இடையே உள்ளார் செய்த பாவமெல்லாம் கொள்வான் என்பது ஒரு வழக்கு. கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திற் போவான் என்பது பிற்காலத்தில் பெருகிய வழக்கு. தானநிலத்தைக் கவர்ந்தவன் 60,000 ஆண்டுகள் மலத்தில் புழுவாய்ப் பிறப்பான் என்னும் வடமொழிச் சுலோகம் பாரத நாடெங்கும் செப்பேடுகளிற் காணப்படுகிறது.

கேட்பவர் எவரோ, அவர் அஞ்சும் பொருளையே சாபம் நாடியது. பிற்காலச் சாசனங்கள் சில, இந்துக்களுக்குக் காராம்பசுவைக் கூறி, முகம்மதியர்க்கு மக்காவைக் கூறின. எழுத்தறியாதாரையும் மறக்கவில்லை. கொங்கணத்தில் சிலாஹார மன்னர் நட்ட கற்களில் மேலே சூரிய சந்திரரையும், கீழே கழுதையோடு கூடிய இழிவான உருவத்தையும் செதுக்கினர். படிக்கத் தெரியாதவனும் அதைக் கண்டால் பொருள் உணர்வான்.

இச்சாபங்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. மாமல்லபுரத்துக் கல்வெட்டு ஒன்று, உருத்திரனை உள்ளத்திற் கொள்ளாதாரை ஆறுமுறை பழிக்கிறது. இக்கல்வெட்டை ஹூல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1890-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிற் பதிப்பித்தார். அது நம்பிக்கையின்மேல் எழுந்த சாபம். கொடைச் சாசனத்துச் சாபமோ ஒருவனது நம்பிக்கையை வினவுவதில்லை, செயலையே வினவுகிறது. எவர் பெயரையும் குறித்து வைவதுமில்லை. அறத்தை அழிக்காதவரை அது எவரையும் தீண்டாது. ஆகவே அதனை வசை என்பதினும் வேலி என்பதே தகும்.

அவ்வேலியின் மறுபுறத்தையும் காணவேண்டும். “இவ்வறத்தைக் காத்தவர் திருவடி என் தலைமேல்” என்ற கருத்தில் அமைந்த தொடரைப் பல கல்வெட்டுகளிற் காண்கிறோம். ஆயிரம் வேலி நிலம் ஆண்டவரும், இன்னும் பிறவாத, இன்னார் என்று அறியாத ஒருவரின் பாதத்தின்கீழ்த் தம் தலையை வைக்கின்றனர். அச்சுறுத்திய அதே நாவு பணிந்து வேண்டவும் செய்கிறது. சாபத்தின் உள்ளீடு சினமன்று. தாம் மறைந்தபின் விளக்கு அணைந்துவிடுமோ என்னும் கவலையே.

இன்று அக்கல்வெட்டுகளுக்கு நேரும் கேடு பெரும்பாலும் பகையால் அன்று, அறியாமையால். சுண்ணாம்புப் பூச்சினாலும், திருப்பணியின்போது பாய்ச்சும் மணல் வீச்சினாலும் எழுத்துகள் சிதைந்துள்ளன. எழுத்து அழிந்தால் கொடையும் மறையும், அதைக் காத்த சொல்லும் மறையும். உங்கள் ஊர்க் கோயிலின் சுவரிலும் அடித்தளத்திலும் உள்ள எழுத்துகளை ஒருமுறை நின்று பாருங்கள். அவற்றை மறைக்க முற்படுவார்க்கு அவற்றின் அருமையை எடுத்துரையுங்கள். எந்தத் திருவடியைத் தம் தலைமேல் தாங்குவதாக முன்னோர் எழுதினரோ, அது உங்களுடையதாகவும் இருக்கலாம்.