தனுஷ்கோடியை விழுங்கிய இரவு

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில், இரு கடல்களுக்கிடையே ஒடுங்கிய மணல்திட்டில் அமைந்திருந்தது தனுஷ்கோடி. இலங்கைக்கு மிக அருகில் இருந்தமையே அவ்வூரின் செல்வமாயிற்று. 1914 முதல், இரயிலில் வந்திறங்கியோர் அங்கே கப்பலேறித் தலைமன்னார் சென்றனர்.

கடலின் அண்மையே அதற்குக் கேடுமாயிற்று. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய கடும்புயலில் கடல்நீர் ஊருக்குள் பெருகிற்று. ஏறித் தப்ப மேட்டுநிலம் இல்லை. ஊரை நெருங்கிவந்த பாம்பன் பயணிகள் இரயிலும், அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அலைகளுக்கு இரையாயிற்று.

சிதைந்த பாம்பன் பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பெற்றது. தனுஷ்கோடியோ மக்கள் வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்டது. இன்றும் அங்கே இடிபாடுகளே நிற்கின்றன. வாணிகத்திற்கு உகந்த துறையெல்லாம் குடியிருப்பிற்கும் உகந்ததாகிவிடாது என்பதைக் கடலோரம் வாழும் நாம் மறத்தலாகாது.