எண்பத்தாறு டொலர்த் தூண்டில்

2003 ஆம் ஆண்டு மே மாதத்தின் பிற்பகுதி. இலங்கையின் தென்பகுதியை வெள்ளமும் மண்சரிவும் உலுக்கியிருந்த நேரம் அது. இரத்தினபுரி, மாத்தறை போன்ற மாவட்டங்களிலிருந்து வந்துகொண்டிருந்த அனர்த்தச் செய்திகளை ஒழுங்குபடுத்துவதிலேயே எங்கள் ஆசிரிய பீடத்தின் இரவுகள் கழிந்தன. அத்தகைய ஓர் இரவில் வெளிநாட்டுச் செய்திகளுக்கிடையே ஒரு சிறு செய்தி என் கண்ணிற் பட்டது. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில், 27 வயதுடைய கணக்காளர் ஒருவர் 25 இலட்சம் டொலர் வென்றுவிட்டார் என்பதே அச்செய்தி. அவருடைய பெயர் கிறிஸ் மணிமேக்கர். தமிழிற் சொன்னால், பணம் செய்பவர்!

பெயர்ப் பொருத்தத்தில் மயங்கி, அதனை ஒற்றைப் பத்திச் செய்தியாக வெளியிட்டேன். ‘நாற்பது டொலர் இருபத்தைந்து இலட்சமானது’ என்பது நான் இட்ட தலைப்பு. அது பிழையான தலைப்பு என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் சென்றன.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். இத்தொடரை 1970 இல் தொடக்கியவர் லாஸ் வேகாஸில் ஹோர்ஸ்ஷூ சூதாட்ட விடுதியை நடத்திய பென்னி பினியன். முதலாண்டில் ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தமக்குள் சிறந்தவரைத் தெரிவு செய்தனர். அடுத்த ஆண்டிலிருந்துதான், கையிலுள்ள வில்லைகள் தீர்ந்தவர் வெளியேறும் முறை வந்தது. 1972 முதல் பிரதான போட்டியின் நுழைவுக் கட்டணம் 10,000 டொலர். அத்தொகையைச் செலுத்தக்கூடிய தொழில்முறைச் சூதாடிகளே நெடுங்காலம் அங்கு கோலோச்சினர்.

டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த மணிமேக்கர் அந்த வாசலால் வந்தவரல்லர். இணையத்தில் நடந்த சிறு தகுதிப் போட்டி ஒன்றில் வென்று, அதன்மூலம் அடுத்த படிக்குச் சென்று, அங்கிருந்து 10,000 டொலர் பெறுமதியான ஆசனத்தைப் பெற்றார். அந்த இரண்டாவது படியில் முதலிடங்களைப் பெறுவோருக்கு லாஸ் வேகாஸ் ஆசனமும், நான்காம் இடத்துக்கு 8,000 டொலர் ரொக்கமும் பரிசு. கடன்களை அடைப்பதற்காக அந்த நான்காம் இடத்தையே தாம் விரும்பியதாகவும், நண்பர் ஒருவரே ஆசனத்துக்காக ஆடும்படி தூண்டியதாகவும் அவர் பின்னாளிற் கூறியிருக்கிறார். மேசைக்கு நேரில் சென்று அவர் ஆடிய முதற் போட்டித் தொடர் அதுவே.

அவ்வாண்டில் 839 பேர் போட்டியிட்டனர். 1987, 1988 ஆம் ஆண்டுகளில் தொடர்ந்து வாகை சூடிய ஜோனி சான், அக்காலத்தின் மிகத் திறமையான ஆட்டக்காரர்களுள் ஒருவரான பில் ஐவி ஆகியோர் மணிமேக்கரின் கையாலேயே வெளியேறினர். ஐவியை வீழ்த்தியது திறமையல்ல; தோற்றுவிட்டார் என்ற நிலையில், கடைசியாகத் திருப்பப்பட்ட கடதாசி அவரைக் காப்பாற்றியது. அதை அதிர்ஷ்டம் என்பதன்றி வேறென்ன சொல்வது?

ஆனால், அடுத்து நடந்தது அதிர்ஷ்டமன்று. இறுதியில் அவருக்கு எதிரே எஞ்சியிருந்தவர் சாம் ஃபர்ஹா. பெய்ரூத்தில் பிறந்து, லெபனானின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் அமெரிக்கா வந்தவர். அனுபவமிக்க தொழில்முறை ஆட்டக்காரர். முந்நூற்று நாலு ஆடிப் பழகிய எம்மவருக்கு இந்த ஆட்டத்தை விளக்குவது கடினமன்று. இதில் துரும்பும் இல்லை, பங்காளியும் இல்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைவான கடதாசிகள். மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. முக்கியமான அந்தக் கையில் ஃபர்ஹாவிடம் ஓர் ஒன்பது சோடி இருந்தது. மணிமேக்கரிடம் இருந்தவை இராசாவும் ஏழும். எதிர்பார்த்த எதுவும் மேசையில் விழவில்லை. எனினும், கையில் ஒன்றுமின்றியே தம் வில்லைகள் அனைத்தையும் நடுவே தள்ளினார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்தார். அவருடைய முகத்தைப் பார்த்தார். ஈற்றில் வெல்லும் கடதாசிகளைக் கீழே போட்டுவிட்டார். அதன்பின் ஆட்டம் அதிக நேரம் நீடிக்கவில்லை.

இங்கேதான் என்னுள் ஒரு வினா எழுகிறது. முந்திய ஆண்டான 2002 இல், 631 பேர் பங்குபற்றிய இதே போட்டியில் வென்ற ரொபர்ட் வார்கோனியும் தொழில்முறை ஆட்டக்காரரல்லர். அவர் பெற்றது 20 இலட்சம் டொலர். அவரை இன்று எத்தனை பேர் நினைவிற் கொண்டுள்ளனர்? ஒருவரின் வெற்றி வரலாறாகவும் மற்றவரின் வெற்றி வெறும் பட்டியலாகவும் ஆனது எப்படி?

விடையின் ஒரு பகுதி ஹென்றி ஓரன்ஸ்டைன் என்ற முதியவரிடம் இருக்கிறது. போலந்தில் பிறந்த யூதரான அவர், நாசிகளின் வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பியவர். பெற்றோரை நாசிகளிடம் பறிகொடுத்துவிட்டு அமெரிக்கா வந்து, விளையாட்டுப் பொருள் தயாரிப்பாளராகப் பேரெடுத்தவர். ஆட்டக்காரரின் மறைவான கடதாசிகளைத் தொலைக்காட்சி நேயர்களுக்குக் காட்டும் கமரா முறைக்கு 1995 இல் காப்புரிமை பெற்றவர் அவரே. 2003 இல் அம்முறையைப் பயன்படுத்தி இப்போட்டி பல பகுதிகளாக ஒளிபரப்பானது. ஃபர்ஹாவுக்குத் தெரியாத இரகசியம் வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. முன்பு சலிப்பூட்டிய ஆட்டம் நாடகமாயிற்று. விடையின் மறுபகுதி, அந்தச் சிறிய இணையக் கட்டணம். ‘இவனால் முடிந்தால் என்னாலும் முடியும்’ என்று எண்ண வைத்தது அதுவே.

விளைவை எண்களே சொல்கின்றன. 2004 இல் போட்டியிட்டோர் 2,576 பேர்; 2005 இல் 5,619 பேர்; 2006 இல் 8,773 பேர். 2004 இல் வென்ற கிரெக் ரேமர் காப்புரிமைச் சட்டத்தரணி. அவரும் இணையத்தின் வழியாகவே வந்தார். 2006 இன் முதற்பரிசு 120 இலட்சம் டொலர். அவ்வாண்டு ஒக்டோபரில் இணையச் சூதாட்டக் கொடுப்பனவுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அமெரிக்காவில் வந்தது. 2011 ஏப்ரல் 15 அன்று அந்நாட்டு அரச வழக்கறிஞர்கள் பெரிய போக்கர்த் தளங்கள் மீது நடவடிக்கை எடுத்தபோது, எண்ணற்றோரின் பணம் முடங்கியது. ஆயினும் அலை ஓயவில்லை. 2023 இல் இப்போட்டிக்கு வந்தோர் 10,043 பேர். 2019 இல் மணிமேக்கர் போக்கர் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

இனி, என் தலைப்புக்கு வருகிறேன். 2005 இல் வெளிவந்த மணிமேக்கரின் சொந்த நூலின் தலைப்பிலேயே 40 டொலர் என்றுதான் இருந்தது. உண்மையில் தாம் செலுத்தியது 86 டொலர் என்று அவர் பிற்காலத்தில் திருத்திக் கூறினார். தொகை குறையக் குறைய அதிசயம் வளர்கிறது அல்லவா? கதை சொல்வோர் எல்லோரும், நான் உட்பட, குறைந்த தொகையையே விரும்பினோம்.

ஆனால் 40 என்றோ 86 என்றோ எழுதியிருந்தாலும் என் தலைப்பு பிழையானதே. ஏனெனில், அன்று மேசைகளில் அமர்ந்த 839 பேரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டோர் ஒரு சதமும் இன்றி எழுந்து சென்றனர். அவர்களைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. இத்தனைக்கும், தோற்றவனை நான் அறியாதவனல்லன். எழுபதுகளின் பிற்பகுதியில் எங்களோடு பணியாற்றிய ஒப்புநோக்குநர் ஒருவர் இருந்தார். எழுத்துப்பிழை அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. இரவுப் பதிப்பு முடிந்ததும் பணம் வைத்துக் கடதாசி விளையாடச் செல்வார். ஒருமுறை, ஒரே இரவில், இரண்டு மாதச் சம்பளத்தை வென்று வந்து எங்கள் எல்லோருக்கும் தேநீரும் வடையும் வாங்கித் தந்தார். அந்த இரவே அவரைக் கெடுத்தது. பின்னர் சம்பள நாட்களில் அவருடைய மனைவி பிள்ளையோடு காரியாலய வாசலில் வந்து காத்து நிற்பார். நாங்கள் பார்க்காதவர்கள் போலக் கடந்து செல்வோம்.

சூதைக் கண்டித்த வள்ளுவர் அந்த அதிகாரத்தில் முதலில் எச்சரித்தது தோல்வியைப் பற்றியன்று, வெற்றியைப் பற்றியே. கிடைத்த வெற்றியே மீனை இழுக்கும் இரையாகிவிடும் என்பது அவர் கருத்து. மணிமேக்கரின் துணிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த இறுதி மேசையில் அவர் காட்டியது அசாத்தியமான நெஞ்சுரம். ஆனால் அவருடைய வெற்றியை உலகெங்கும் தூண்டிலில் மாட்டியவர்கள் கமராக்காரர்களும் எம்போன்ற பத்திரிகைக்காரர்களுமே. அந்தத் தூண்டில் இன்று ஒவ்வோர் இளைஞனின் கைத்தொலைபேசியிலும் தொங்குகிறது.

அந்தச் செய்தி இன்றிரவு என் மேசைக்கு வந்தால் அதற்கு வேறு தலைப்பிடுவேன்: ‘839 பேர் ஆடினர், ஒருவர் வென்றார்’. கவர்ச்சி குறைந்த தலைப்புத்தான். ஆனால் அந்த ஒப்புநோக்குநர் பார்த்திருந்தால், அதில் திருத்துவதற்கு எதுவும் இருந்திராது.