சர்வகலாசாலைகளில் சர்வதேச மனித உரிமைச் சட்டக் கல்வி

ஓர் அரசாங்கம் தன் ஆளுகைக்கு உட்பட்ட மனிதரை எவ்விதம் நடத்தக் கடமைப்பட்டுள்ளது என்பது குறித்துத் தேசங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளையும், அவற்றின் அனுஷ்டானத்தைக் கண்காணிக்க ஏற்பட்ட நீதிமன்றங்களையும் குழுக்களையும், அவை வழங்கிய தீர்ப்புகளையும் முறைப்படி பயிலும் கல்வியே இப்பெயரால் வழங்குவது. சட்டக் கல்வியின் பிற கிளைகளோடு ஒப்பிட்டால் இது மிக இளையது. ரோமானியச் சட்டம் ஐரோப்பாவில் ஏறத்தாழ 900 ஆண்டுகளாகப் போதிக்கப்பட்டு வருகிறது. இதுவோ தனிப்பாடம் என்னும் அந்தஸ்தைப் பெற்று அரை நூற்றாண்டுதான் ஆகிறது. ஆசிரியர்கள் கற்பித்துவந்த சித்தாந்தமே இதற்கு நெடுங்காலம் தடையாக நின்றது. 1905-ல் வெளிவரத் தொடங்கிப் பிரமாண நூலாக விளங்கிய ஓப்பன்ஹைமின் சர்வதேசச் சட்ட நூல், அச்சட்டத்தின்கீழ் உரிமைக்கும் கடமைக்கும் உரியவை அரசுகளே, தனிமனிதர் அல்லர் என்று வரையறுத்தது. ஒருவன் அயல்நாட்டில் துன்புற்றால் அது அவனுடைய அரசாங்கத்துக்கு இழைத்த தீங்காகக் கொள்ளப்பட்டது. சொந்த நாட்டு அரசாங்கமே அவனைத் துன்புறுத்தினால், அதைப் பற்றி அச்சட்டம் ஏறக்குறைய வாய் திறக்கவில்லை.

இந்தச் சித்தாந்தத்தை எதிர்த்துக் கேள்வி கேட்ட இருவர் ஒரே சர்வகலாசாலையில் பயின்றவர்கள் என்பது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று. ஆஸ்திரிய ஆட்சியில் லெம்பெர்க் என்றும், போலந்தின் ஆட்சியில் லிவூவ் என்றும், இன்று உக்ரைனில் லிவீவ் என்றும் வழங்கும் நகரம் அது. ஹெர்ஷ் லௌட்டர்பாக்ட் 1915-ல் அங்கே சட்டம் படிக்க வந்தார். ரஃபேல் லெம்கின் 1921-ல் வந்தார். ஆர்மீனியரைக் கொன்றழித்த கொடுமைக்குப் பொறுப்பாளியெனக் கருதப்பட்ட துருக்கிய அமைச்சர் தலாத் பாஷாவை அதே 1921-ல் பெர்லின் வீதியில் ஓர் ஆர்மீனிய இளைஞர் சுட்டுக் கொன்றார். அந்த இளைஞரை விசாரிக்கச் சட்டம் இருக்கிறதே, இலட்சக்கணக்கானோரை மாய்த்த அமைச்சரை விசாரிக்க ஏன் ஒரு சட்டம் இல்லை என்று லெம்கின் தம் ஆசிரியரிடம் வினவினாராம். தன் கோழிகளைக் கொல்லும் குடியானவனை யார் கேட்க முடியும், தலையிடுவோர்தாம் அத்துமீறியவர் ஆவர் என்று ஆசிரியர் விடையளித்தாராம். லெம்கின் தம் தன்வரலாற்றில் இதனைப் பதிவு செய்துள்ளார். இக்கல்வியின் சரித்திரம் தொடங்குமிடம் அந்த விடையில் திருப்தி கொள்ளாத மாணாக்கரின் மனமே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

லௌட்டர்பாக்ட் வியன்னாவில் சட்ட அறிஞர் கெல்சனிடம் பயின்று, 1923-ல் இங்கிலாந்து சேர்ந்து, 1938-ல் கேம்பிரிட்ஜில் சர்வதேசச் சட்டப் பேராசிரியரானார். ஓப்பன்ஹைமின் நூலுக்கே பதிப்பாசிரியராக அமர்ந்த அவர், அதன் ஆதாரக் கொள்கையை மாற்றவும் முற்பட்டார். மனித உரிமைகளுக்கான சர்வதேசச் சாசனம் ஒன்றை முன்மொழிந்த அவர் நூல் 1945-ல் வெளியாயிற்று; அதற்குள் லெம்பெர்க்கில் இருந்த அவருடைய பெற்றோர் நாஜிகளின் கைகளில் மாண்டிருந்தனர். அமெரிக்காவில் புகலடைந்த லெம்கின் 1944-ல் இனப்படுகொலையைக் குறிக்கும் புதிய ஆங்கிலச் சொல்லைக் கிரேக்க, லத்தீன் வேர்களிலிருந்து ஆக்கி அளித்தார். தனிமனிதனையே காக்க வேண்டும் என்றார் முன்னவர். கூட்டங்களையும் காக்க வேண்டும் என்றார் பின்னவர். இந்த வாதம் வகுப்பறைகளில் இன்றும் ஓயவில்லை. 1948 டிசம்பர் 9 அன்று இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையும், மறுநாள் மனித உரிமைகளின் சர்வதேசப் பிரகடனமும் பாரிஸில் நிறைவேறின.

அதே லெம்பெர்க்கில் 1902-ல் பிறந்த மற்றொருவர் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தார். சார்லஸ் ஹென்றி அலெக்ஸாண்ட்ரோவிச் 1951 முதல் ஒரு தசாப்தம் சென்னைச் சர்வகலாசாலையில் சர்வதேசச் சட்டமும் அரசியல் சட்டமும் கற்பித்தார். சர்வதேச விவகாரங்களுக்கான இந்திய ஆண்டு மலர் அவர் முயற்சியால் இந்நகரிலிருந்து வெளிவந்தது. அவர் மனித உரிமை என்னும் தலைப்பில் பாடம் நடத்தியவர் அல்லர். ஆயினும், கீழ்த்திசை அரசர்கள் ஐரோப்பியரோடு சமத்துவத்துடன் உடன்படிக்கை செய்தனர் என்றும், தேசங்களிடைச் சட்டம் ஐரோப்பாவின் தனியுடைமையாக இருந்ததில்லை என்றும் அவர் நிலைநாட்டிய உண்மை, மனித உரிமையை மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோருக்கு இன்றும் தக்க விடையாகும்.

1948ஆம் ஆண்டுப் பிரகடனத்தை உருவாக்கியோருள் ஆசிரியர்கள் பலர். முதல் வரைவைத் தயாரித்த ஜான் ஹம்ஃப்ரி கனடாவின் மெக்கில் சர்வகலாசாலையில் சட்டம் கற்பித்தவர். சார்லஸ் மாலிக் பெய்ரூத்தில் தத்துவப் பேராசிரியர். ரெனே காஸன் பிரெஞ்சுச் சட்டப் பேராசிரியர். ஆண்பாலை மட்டும் சுட்டுவதாக இருந்த முதல் பிரிவின் சொற்களை, மானிடப் பிறவிகள் அனைவரையும் தழுவுமாறு மாற்றச் செய்தவர் இந்தியப் பிரதிநிதியான ஹன்ஸா மேத்தா. இத்தனை ஆசிரியர்கள் கூடிச் சமைத்த சாசனம் அடுத்த இருபது ஆண்டுகள் வரை சட்டக் கல்லூரிகளில் ஒரு தனிப்பாடமாக ஏற்கப்படவில்லை. காரணம் வெளிப்படை: நீதிமன்றத்தில் நிறைவேற்றக்கூடியதையே சட்டம் என்று மதிப்பது சட்ட ஆசிரியர் மரபு; பிரகடனமோ கட்டுப்படுத்தும் வலிமை அற்றது. அதற்கு அவ்வலிமையைத் தரும் இரண்டு உடன்படிக்கைகள் 1966-ல் உருவாகி, 1976-ல்தான் அமலுக்கு வந்தன.

திருப்பம் ஸ்ட்ராஸ்பூர்கில் நிகழ்ந்தது. 1968-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற காஸன், மறு ஆண்டே அந்நகரில் சர்வதேச மனித உரிமைக் கழகத்தை நிறுவி, பல தேச மாணாக்கர் கோடைதோறும் கூடிப் பயில வழிசெய்தார். 1973-ல் லூயிஸ் சோன், தாமஸ் பர்கந்தால் இருவரும் தொகுத்த பாடநூல் அமெரிக்காவில் வெளிவந்தது. உடன்படிக்கைகளையும் வழக்குகளையும் ஒருங்கே கோத்துக் கொடுக்கும் அத்தகைய நூல் கைக்கு வந்த பின்னரே இப்பாடத்தை ஆண்டு முழுவதும் நடத்துவது சாத்தியமாயிற்று. பர்கந்தால் பத்து வயதில் ஆஷ்விட்ஸ் முகாமுக்குள் தள்ளப்பட்டு உயிர் பிழைத்தவர் என்பதையும், பின்னாளில் சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தவர் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். கொலம்பியா, யூட்ரெக்ட், எஸெக்ஸ், ஹார்வர்ட், லுண்ட் ஆகிய இடங்களில் 1978-க்கும் 1984-க்கும் இடையே இதற்கெனத் தனி நிலையங்கள் எழுந்தன.

நூலறிவோடு நில்லாது வழக்கையும் கையிலெடுக்கும் முறை அமெரிக்காவில் வளர்ந்தது. 1991-ல் ஹைட்டியில் நேர்ந்த இராணுவப் புரட்சிக்கு அஞ்சிப் படகேறியவர்களை அமெரிக்கக் கப்பல்கள் நடுக்கடலில் மறித்தன. அவர்களுள் எய்ட்ஸ் கிருமி தொற்றியோரைக் குவாண்டனாமோ தளத்தில் முள்வேலிக்குள் அடைத்து வைத்தார்கள். ஹெரால்ட் கோ என்னும் பேராசிரியரின் வழிகாட்டுதலில் யேல் சட்டக் கல்லூரி மாணாக்கர் அவர்களுக்காக வழக்காடினர். 1993 ஜூன் மாதத்தில், முகாமில் இருந்தோரை விடுவிக்கும்படி நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் ஆணையிட்டார். அதே மாதத்தில், நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்புவது குற்றமில்லை என்று உச்சநீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரே மாதத்தில் வெற்றியையும் தோல்வியையும் கண்ட அம்மாணாக்கர் கற்றதை எந்தப் பாடநூலும் கற்பித்திருக்க முடியாது.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நீங்குமுன்னரே, 1986-ல், பிரிட்டோரியா சர்வகலாசாலை மனித உரிமை நிலையம் ஒன்றை அமைத்தது. ஆப்பிரிக்கச் சட்ட மாணாக்கர் ஒன்றுகூடி வாதிடும் மாதிரி வழக்குப் போட்டி 1992 முதல் அதன் முயற்சியால் நடந்து வருகிறது. அந்நாட்டுத் தமிழ் வம்சத்தில் டர்பனில் பஸ் ஓட்டுநர் ஒருவருக்கு மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளை, அங்குள்ள இந்தியச் சமூகத்தார் திரட்டிக் கொடுத்த பொருளுதவியால் நேட்டால் சர்வகலாசாலையில் படித்தார். 1988-ல் ஹார்வர்டில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 1998 செப்டம்பர் 2 அன்று அகாயேசு என்பவரை இனப்படுகொலைக் குற்றவாளி எனத் தீர்த்தது. சர்வதேச நீதிமன்றம் ஒன்று அக்குற்றத்துக்காக வழங்கிய முதல் தீர்ப்பு அதுவே. பெண்களைக் கற்பழித்தலும் இனப்படுகொலையின் ஒரு வடிவம் ஆகக்கூடும் என்று அறிவித்த அந்த மூவர் ஆயத்தில் நவநீதம் பிள்ளையும் ஒருவர்.

இந்தியாவில் இக்கல்வி, அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைகளுக்கு அடுத்த இடத்தையே நெடுங்காலம் பெற்றிருந்தது. 1993ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் சர்வதேச உடன்படிக்கைகளில் கண்ட உரிமைகளையும் தன் வரையறையில் சேர்த்துக்கொண்டது. 1997-ல் விசாகா வழக்கில் உச்சநீதிமன்றம், உள்நாட்டுச் சட்டம் இல்லாத நிலையில், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையைத் துணைக்கொண்டு, பணியிடத்தில் பெண்களைக் காக்கும் நெறிகளை வகுத்தது. அதன் பின்னர் இப்பாடத்தை வழக்கறிஞர் எவரும் அலங்காரக் கல்வியென்று கருத நியாயமில்லை.

இத்துறையில் புக விரும்பும் தமிழ் மாணாக்கர், பெரிய வியாக்கியான நூல்களைத் தேடுமுன், பிரகடனத்தின் 30 பிரிவுகளையும் 1966ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் இரண்டையும் ஆதியோடந்தமாக வாசித்துவிட வேண்டும். எந்த நாடு எதில் எப்போது சேர்ந்தது என்பதையும் உடன் அறிந்துகொள்ள வேண்டும். அவ்விரண்டிலும் இந்தியா 1979-லும் இலங்கை 1980-லும் சேர்ந்தன. சித்திரவதையைத் தடுக்கும் 1984ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையொப்பமிட்டது. அதனை உறுதிசெய்யும் காரியம் இன்னும் நிறைவேறவில்லை.