வர்றான் பாரு, ஆளு!

1946 ஜூன் மாதம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் எபெட்ஸ் ஃபீல்டு மைதானம். உள்ளூர் பேஸ்பால் அணியான டாட்ஜர்ஸை எதிர்த்து செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. கார்டினல்ஸின் இடதுகை மட்டையாளர் ஸ்டான் மியூசியல் நடந்து வரும்போதெல்லாம் கூட்டத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. செயின்ட் லூயிஸிலிருந்து வந்திருந்த நிருபர் பாப் புரோக்குக்குச் சத்தம் கேட்டது, சொல் பிடிபடவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, அணியின் பயண ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்ட லியோ வார்டிடம் விசாரித்தார். “வர்றான் பாரு ஆளு” என்கிறார்கள் என்றார் வார்டு. ‘அந்த ஆளு’ என்றா? இல்லை, வெறும் ‘ஆளு’. ஆங்கிலத்தில் ‘தி மேன்’.

புரோக் அதைத் தன் பத்திரிகையில் எழுதினார். ‘ஸ்டான் தி மேன்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 2013இல், 92 வயதில் மியூசியல் இறந்தபோது அமெரிக்கா அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழுதது. அது அவரைக் கொண்டாடிய ஊர் வைத்த பெயர் அல்ல, அவரிடம் அடிவாங்கிய ஊர் வைத்தது.

அடி என்றால் சாதாரண அடி இல்லை. பேஸ்பாலில் பத்து வாய்ப்பில் மூன்று முறை ஒழுங்காக அடித்துவிட்டால் அவர் நல்ல மட்டையாளர். 1948இல் எபெட்ஸ் ஃபீல்டில் மியூசியல் தன் வாய்ப்புகளில் பாதிக்கும் மேல் ‘ஹிட்’ அடித்தார். டாட்ஜர்ஸின் பந்துவீச்சாளர் பிரீச்சர் ரோவிடம், மியூசியலை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன உபாயம் பேஸ்பால் உலகில் இன்றும் புழங்குகிறது. நான்கு பந்துகளையும் எட்டாத தூரத்தில் வீசி, விதிப்படி அவரைச் சும்மாவே முதல் தளத்துக்கு அனுப்பிவிட வேண்டும். பிறகு அங்கே வைத்து அவுட்டாக்கப் பார்க்க வேண்டும். மட்டை கையில் இருக்கும்வரை வழியில்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

மியூசியல் தன் காலம் முழுக்க அடித்த ஹிட்கள் 3,630. அதில் உள்ளூரில் 1,815, வெளியூரில் 1,815. பிசகாமல் பாதிப் பாதி.

ஒரு வெளியூர்க்காரனின் நடையைக்கூட அடையாளம் தெரிந்துகொள்ளும் அளவுக்கு உள்ளூர் ரசிகனுக்குப் பழக்கம் எப்படி வந்தது? பதில் ஆட்ட அட்டவணையில் இருக்கிறது. அன்று ஒரு லீகில் எட்டே அணிகள். ஒரு பருவத்துக்கு 154 ஆட்டங்கள். ஆக, ஒவ்வோர் எதிரணியோடும் 22 முறை மோத வேண்டும், அதில் 11 முறை உங்கள் ஊரில். அதோடு, வீரர் விரும்பினாலும் அணி மாற முடியாத ஒப்பந்த முறை 1970களின் நடுப்பகுதிவரை நீடித்தது. நிர்வாகம் விற்றால்தான் அவர் இடம் மாறுவார். மியூசியல் ஆடிய 22 பருவங்களும் ஒரே சட்டையில். இந்த வருஷம் அடித்தவன் அடுத்த வருஷமும் வருவான், அதற்கடுத்த வருஷமும் வருவான். தீபாவளிக்கு வரும் கடன்காரன் மாதிரி.

அந்தப் புரூக்ளினுக்கு ஆற்றுக்கு அக்கரையிலும் ஒரு தொல்லை இருந்தது. மன்ஹாட்டனில் ஆடிய ஜயண்ட்ஸ் அணியின் பந்துவீச்சாளர் சால் மேக்லி. பட்டப்பெயர் ‘பார்பர்’. மட்டையாளரின் தாடையைச் சவரம் செய்வதுபோல் அவ்வளவு நெருக்கமாகப் பந்தை விடுவார் என்பதால். பந்துவீசும் நாளில் தான் மட்டும் சவரம் செய்யாத முகத்தோடு வந்து நிற்பார். டாட்ஜர்ஸுக்கு எதிராக அவருடைய கணக்கு 23 வெற்றி, 11 தோல்வி.

இந்தக் கதையில் ஒரு திருப்பம் உண்டு. 1956 மே மாதம் மேக்லியை டாட்ஜர்ஸே விலைக்கு வாங்கியது. இடையில் அவர் கிளீவ்லாந்துக்குப் போய், வயது 39ஐத் தொட்டிருந்தது. அவரை அடியோடு வெறுத்த கார்ல் ஃபுரில்லோ இப்போது அதே ஓய்வறையில் சட்டை மாற்ற வேண்டியதாயிற்று. புரூக்ளின் ரசிகர்களின் நிலையும் அதுதான்: நேற்றுவரை ஏசிய ஆளை இன்று கைதட்டி வரவேற்க வேண்டும். தட்டினார்கள். அந்தப் பருவத்தில் அவர் 13 ஆட்டங்களை வென்றார். செப்டம்பர் 25 அன்று ஃபிலடெல்ஃபியாவை ஒரு ஹிட்கூட அடிக்கவிடாமல் சுருட்டினார். டாட்ஜர்ஸ் லீகை வென்றதில் அவர் பங்கு பெரிது. உலகத் தொடரில் அக்டோபர் 8 அன்று மேக்லி நன்றாகவே வீசினார். ஆனால் எதிரே நின்ற நியூயார்க் யாங்கீஸ் பந்துவீச்சாளர் டான் லார்சன் அன்றுதான் ஒருவரையும் தளம் ஏறவிடாமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். உலகத் தொடர் வரலாற்றில் அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான்.

மியூசியலும் மேக்லியும் எல்லோரையும் தோற்கடித்தவர்கள். அதனால் அவர்களிடம் தோற்பதில் ஒரு நியாயம் இருந்தது. டெட்ராய்ட் டைகர்ஸின் ஃபிராங்க் லேரி விஷயத்தில் அந்த ஆறுதலும் இல்லை. அலபாமாவிலிருந்து வந்த இந்தப் பந்துவீச்சாளரின் மொத்தக் கணக்கு 128 வெற்றி, 116 தோல்வி. யாங்கீஸோடு மட்டும் பார்த்தால் 28 வெற்றி, 13 தோல்வி. மற்ற எல்லா அணிகளோடும் சேர்த்து அவர் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். 1958இல் யாங்கீஸை ஏழு முறை வென்றார், ஒரே ஒருமுறைதான் தோற்றார். அந்த யாங்கீஸ் சோப்ளாங்கி அணி இல்லை. அந்த ஆண்டின் உலகச் சாம்பியன். ஊரையே அடக்கி ஆண்ட பயில்வான் ஒரே ஒரு தெருவில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போனதுபோல இருந்தது. ‘யாங்கீ கில்லர்’ என்று பத்திரிகைகள் எழுதின. காயங்களால் 1962இல் அவர் ஓய்ந்துபோக, யாங்கீஸ் ரசிகர்கள் மூச்சுவிட்டார்கள்.

வருஷக்கணக்கில் வதைப்பவர்கள் ஒரு ரகம். ஒரே மாலையில் கதையை முடிப்பவர்கள் இன்னொரு ரகம். பாஸ்டன் நகரத்துக்கு அப்படி ஒருவர் பக்கி டென்ட்.

1978 ஜூலையில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் யாங்கீஸைவிட 14 ஆட்டங்கள் முன்னால் இருந்தது. பருவம் முடிந்தபோது இரண்டும் சமம். முடிவுசெய்ய அக்டோபர் 2 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் ஒற்றை ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 2-0 முன்னிலை. மட்டை வரிசையில் கடைசி ஆளாக வந்தார் டென்ட். அந்தப் பருவம் முழுவதும் அதுவரை நான்கே ஹோம் ரன் அடித்திருந்தவர். பந்து காலில் பட்டு நொண்டினார். அந்த இடைவெளியில் தோழர் மிக்கி ரிவர்ஸின் மட்டை அவர் கைக்கு வந்தது. பந்து வீசிய மைக் டோரஸ் முந்தைய ஆண்டுதான் யாங்கீஸுக்காக உலகத் தொடர் வென்றவர். அடுத்த பந்து இடப்பக்கத்து 37 அடிச் சுவரைத் தாண்டிப் போனது. மூன்று ஓட்டங்கள். கடைசியில் 5-4 என்று பாஸ்டன் தோற்றது.

அன்றிலிருந்து அந்த ஊரில் பக்கிக்கும் டென்ட்டுக்கும் நடுவே அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல் குடியேறியது. அவர் பெயரின் நடுவில் பாஸ்டன்காரர்கள் செருகிய பெயர் அது. டென்ட் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. ஃபுளோரிடாவில் பேஸ்பால் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, அந்தச் சுவரையே நகலெடுத்து அங்கே கட்டினார்.

யாங்கீஸும் அவரை மறக்கவில்லை. 2004இல் பாஸ்டனுடனான தொடர் ஏழாவது ஆட்டம்வரை வந்துவிட்டது. மூன்று ஆட்டம் முந்தியிருந்த யாங்கீஸை பாஸ்டன் எட்டிப்பிடித்திருந்தது. சகுனத்துக்காகவோ என்னவோ, சம்பிரதாய முதல் பந்தை வீச டென்ட்டைக் கூப்பிட்டார்கள். அவர் வீச, யோகி பெர்ரா பிடித்தார். பாஸ்டன் 10-3 என்று வென்றது. அடுத்த சில நாட்களில் 1918க்குப் பிறகு முதல்முறையாக உலகத் தொடரையும் வென்றது.

புரூக்ளின் பெயர் கொடுத்தது, பாஸ்டன் பெயரில் செருகியது. நியூயார்க் மெட்ஸ் ரசிகர்கள் பெயரைப் பிடுங்கினார்கள். அட்லாண்டா பிரேவ்ஸின் சிப்பர் ஜோன்ஸுக்குப் பிறப்புச் சான்றிதழில் லேரி வேய்ன் ஜோன்ஸ் என்று பெயர். ஊர் உலகம் சிப்பர் என்றபோது, குவீன்ஸ் பகுதியில் மெட்ஸின் மைதானமான ஷே ஸ்டேடியம் மட்டும் “லே...ரி, லே...ரி” என்று இழுத்தது. வாத்தியார் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டிலிருந்து முழுப் பெயரைப் படிக்கும் தொனி. 1999 செப்டம்பரில் அட்லாண்டாவில் நடந்த மூன்று ஆட்டங்களில் மெட்ஸுக்கு எதிராக நான்கு ஹோம் ரன் அடித்தார் ஜோன்ஸ். மெட்ஸ் ரசிகர்கள் இனி வீட்டுக்குப் போய் யாங்கீஸ் சட்டையை மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி எண்ணெயும் ஊற்றினார். அடுத்த மாதம் லீகின் இறுதித் தொடரில் இரு அணிகளும் மறுபடி சந்தித்தபோது, ஷே ஸ்டேடியத்தின் மேல்தளம்வரை லேரி, லேரிதான். பிரேவ்ஸ்தான் ஜெயித்தது.

மெட்ஸுக்கு எதிராக மட்டும் அவர் அடித்த ஹோம் ரன்கள் 49. அதில் 19 ஷே ஸ்டேடியத்தில். 2004இல் மகன் பிறந்தபோது ஜோன்ஸ் அவனுக்கு வைத்த பெயர் ஷே. 2012இல் அவர் ஓய்வுபெறும்போது மெட்ஸ் நிர்வாகம் அந்த ஸ்டேடியத்தைச் சித்தரிக்கும் ஒரு கலைப்படைப்பைப் பரிசாகக் கொடுத்தது. அதற்குள் ஸ்டேடியம் இல்லாமல் போயிருந்தது. 2009இல் அதை இடித்துத் தரைமட்டமாக்கி, பக்கத்துப் புது மைதானத்துக்கு வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். தளங்கள் இருந்த இடத்தில் அடையாளக் குறிகளைப் பதித்திருக்கிறார்கள்.

எபெட்ஸ் ஃபீல்டு இன்னும் முன்னாலேயே போய்விட்டது. டாட்ஜர்ஸ் 1957 பருவத்தோடு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் புறப்பட்டது. 1960இல் மைதானம் இடிக்கப்பட்டது. முணுமுணுப்பு எழுந்த அந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. செயின்ட் லூயிஸ் மைதானத்தின் வாசலில் மட்டையோடு நிற்கிறது மியூசியலின் வெண்கலச் சிலை. அந்த ஊர்க்காரர்கள் அவரை இன்னமும் புரூக்ளின் வைத்த பெயரால்தான் கூப்பிடுகிறார்கள்.