ஜான் ஃபவுல்ட்ஸ்: 72 மேளகர்த்தாவைத் தேடி வந்த ஆங்கிலேயர்

மேற்கத்திய இசைக்கும் நம் இசைக்கும் பாலம் போட்டவர்கள் என்றால் நம்மில் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது ரவிசங்கரும் யெஹுதி மெனுஹினும்தான். ஆனால் அவர்களுக்கு முன்பே, 1930களில், அந்த வேலையை டெல்லியில் தொடங்கியவர் ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் ஜான் ஃபவுல்ட்ஸ். இங்கிலாந்திலேயே நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்த மனிதர் அவர்.

1880 நவம்பர் 2 அன்று மான்செஸ்டரில் பிறந்தார். அப்பா ஒரு வாத்தியக் கலைஞர். ஃபவுல்ட்ஸ் செல்லோ வாசிக்கக் கற்று, 1900இல் புகழ்பெற்ற ஹாலே இசைக்குழுவில் சேர்ந்தார். ஜனரஞ்சகமான சிறு இசைத் துண்டுகளும் நாடகங்களுக்கான பின்னணி இசையும் எழுதிப் பெயர் வாங்கினார். 1924இல் பெர்னார்ட் ஷாவின் 'செயின்ட் ஜோன்' நாடகத்துக்கு இசையமைத்தவரும் இவர்தான்.

அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது 1915இல் நடந்த ஒரு சந்திப்பு. அயர்லாந்தில் பிறந்த வயலின் கலைஞரான மாட் மெக்கார்த்தி, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அன்னி பெசன்ட் அம்மையாருடன் இந்தியா வந்து, நம் ராகங்களையும் சுருதி நுணுக்கங்களையும் கற்றுக்கொண்டு திரும்பியவர். 1912இல் லண்டனில் இந்திய இசை பற்றி உரையும் நிகழ்த்தியிருந்தார். ஃபவுல்ட்ஸ் அவரைப் பின்னர் மணந்துகொண்டார். கர்நாடக இசை அவருக்குள் நுழைந்த வழி இதுதான்.

17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி வகுத்த 72 மேளகர்த்தா திட்டம் ஃபவுல்ட்ஸைப் பெரிதும் ஈர்த்தது. காரணம் எளிது. மேற்கில் பெரும்பாலான இசை மேஜர், மைனர் என்ற இரண்டே அளவுகோல்களுக்குள் நடந்தது. இங்கேயோ ஏழு சுரங்களை முறைப்படி மாற்றி மாற்றி அமைத்து, சுத்த மத்தியமத்தில் 36, பிரதி மத்தியமத்தில் 36 என்று 72 தாய் ராகங்கள் கிடைக்கின்றன. 1920களின் இறுதியில் அவர் பியானோவுக்காக எழுதிய 'எஸ்ஸேஸ் இன் த மோட்ஸ்' தொகுப்பில், ஒவ்வொரு துண்டும் ஒரே ஓர் அளவுகோலின் ஏழு சுரங்களுக்குள்ளேயே நிற்கும். வெளிச்சுரம் எட்டிப் பார்க்காது. ராகத்துக்கு நாம் வைத்திருக்கும் அதே கட்டுப்பாடு! சமஸ்கிருதக் கருப்பொருளில் 'அவதாரா' என்று ஓர் ஓபராவையும் தொடங்கிக் கைவிட்டார். அதில் மிஞ்சியவைதான் 'மூன்று மந்திரங்கள்'.

முதல் உலகப் போரில் இறந்த எல்லா நாட்டவருக்காகவும் அவர் எழுதிய 'எ வேர்ல்ட் ரெக்வியம்' 1923 நவம்பர் 11 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அரங்கேறியது. பாடுபவர்களும் வாசிப்பவர்களுமாகச் சுமார் 1,250 பேர் தேவைப்பட்ட படைப்பு அது. 1926 வரை ஆண்டுதோறும் நடந்தது, பிறகு நின்றுபோனது. இசை உலகம் அவரைச் சிறு துண்டுகள் எழுதுபவராக மட்டுமே பார்த்தது.

1935இல் குடும்பத்துடன் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். பஞ்சாபில் நாட்டுப்புற இசையைத் திரட்டினார். 1937இல் டெல்லி அகில இந்திய வானொலியில் ஐரோப்பிய இசைப் பிரிவின் இயக்குநரானார். நம் பாரம்பரிய வாத்தியக்காரர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்து, அவர்களுக்கு மேற்கத்திய முறையில் இசைக்குறிப்பைப் படித்து வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். குருவின் வாய்வழியே பாடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது முற்றிலும் புதிய பாடம்.

சுவாரஸ்யமான விஷயம், அவர் ஆர்மோனியத்துக்கு எதிராக எழுதியதுதான். ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே ஒலி. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் உள்ள நுண்சுருதியையோ, சுரம் வளைந்து அசையும் கமகத்தையோ அதில் கொண்டுவர முடியாது. ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி இந்திய இசையைக் கெடுக்கிறது என்று ஓர் ஐரோப்பியரே வாதாடினார். தாகூருக்கும் அதே கருத்து இருந்தது. 1940இல் வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. 1971இல்தான் அது தளர்த்தப்பட்டது.

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. கமகத்தைக் கட்டை விழுங்குகிறது என்றால், ஐந்து கோடுகளில் எழுதிய குறிப்பும் கொஞ்சம் விழுங்கத்தானே செய்யும்? பலர் சேர்ந்து வாசிக்க எழுத்து வேண்டும், ராகம் உயிரோடு இருக்கக் கமகம் வேண்டும். இந்தக் கேள்விக்கு விடை காண அவருக்குக் காலம் போதவில்லை. 1939இல் வானொலிப் பணிக்காகக் கல்கத்தா சென்றவர், அங்கே காலரா கண்டு ஏப்ரல் 25 அன்று இறந்தார். வயது 58. இந்தியாவில் அவர் எழுதியவற்றில் பல தொலைந்துவிட்டன. கிழக்கையும் மேற்கையும் இணைத்து எழுதிய சிம்பொனியும் அவற்றில் ஒன்று.

2000களில் பர்மிங்ஹாம் இசைக்குழு அவருடைய படைப்புகளைப் பதிவுசெய்தது. 2007 நவம்பர் 11 அன்று அதே ஆல்பர்ட் ஹாலில் 'ரெக்வியம்' மீண்டும் ஒலித்தது. நடுவில் 81 ஆண்டுகள் ஓடியிருந்தன. டெல்லியில் அவரிடம் இசைக்குறிப்பு படித்த வாத்தியக்காரர்கள் வாசித்ததைத்தான் இனி யாரும் கேட்க முடியாது.