இரவு ஒன்றரை மணிக்கு எடுக்கும் கணக்கு



ஒரு நாடு வளர்கிறதா என்பதை வானத்திலிருந்து அளக்கிறார்கள். இரவில் எரியும் விளக்கு வெளிச்சம்தான் அளவுகோல். இந்த முறை வந்த கதையைச் சுருக்கமாக எழுதுகிறேன். நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு.

அமெரிக்க ராணுவம் நிலா வெளிச்சத்தில் மேகங்களைப் பார்க்க வானிலைச் செயற்கைக்கோள்களை ஏவியது. மேகத்தோடு ஊர் விளக்குகளும் படத்தில் விழுந்தன. 1992 முதல் அந்தப் படங்கள் கணினியில் எண்களாகச் சேமிக்கப்பட்டன.

2012இல் ஹெண்டர்சன், ஸ்டோரிகார்ட், வெய்ல் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் இதை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மடகாஸ்கரில் இலகாகா என்ற இடத்தில் 1998 இறுதியில் நீலக்கல் கிடைத்தது. சில ஆண்டுகளில் இருட்டாக இருந்த அந்த இடம் படத்தில் ஒளிர்ந்தது. புள்ளிவிவரம் சரியாக இல்லாத நாடுகளுக்கு இது கைகொடுக்கும் என்றார்கள்.

நம் நாட்டிலும் செய்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் மின், உலக வங்கியோடு சேர்ந்து, 1993 முதல் 2013 வரை சுமார் 6 லட்சம் இந்திய கிராமங்களின் இரவு வெளிச்சத்தைத் தொகுத்தார்.

இனி ஆலத்தியூருக்கு வருவோம். பழைய கருவியில் ஒளிக்கு 0 முதல் 63 வரைதான் மதிப்பெண். அதற்கு மேல் எவ்வளவு பிரகாசித்தாலும் 63தான். 2011இல் ஏவிய புதிய செயற்கைக்கோளுக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் அது நம் தலைக்கு மேல் வருவது இரவு சுமார் ஒன்றரை மணிக்கு. அந்த நேரத்தில் வீடுகளில் விளக்கு ஏது? தெருவிளக்கும் சிமெண்ட் ஆலையும்தான் எரியும். ஆலையின் சூளையை இரவில் அணைத்துவிட்டுக் காலையில் பற்றவைக்க முடியாது.

பக்கத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் முந்திரியும் விளைகிற நிலம் இருட்டாகவே தெரியும். நல்ல மகசூல் வந்த ஆண்டும் இருட்டு, மழை பொய்த்த ஆண்டும் அதே இருட்டு. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரியின் புழுதி பயிரில் படிவதும் தெரியாது. இன்னொன்று: சோடியம் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போட்டால், அதன் நீல ஒளியை அந்தக் கருவி பார்க்காது. தெரு பளிச்சென்று இருக்கும், கணக்கில் ஒளி குறைந்திருக்கும்.

ஆகவே படம் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறது. மீதிப் பாதி கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் இருக்கிறது. எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்பது அதில்தான் உண்டு. அந்த மூன்று அறிஞர்களும் ஒளியைப் புள்ளிவிவரத்தோடு சேர்த்துப் பார்க்கத்தான் சொன்னார்கள், அதற்குப் பதிலாக வைக்கச் சொல்லவில்லை.

வெளிச்சத்தை மட்டும் பார்த்து "இது வளர்ந்த பகுதி" என்று யாராவது எழுதிவிட்டால், இழப்பு மானாவாரி விவசாயிக்குத்தான். அதனால் அடங்கலில் உங்கள் பயிர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் ஊரில் இரவு ஒன்றரை மணிக்கு எது எரிகிறது? கீழே எழுதுங்கள்.