தொம்பலூரின் பொன்னும் நிலமும்: 1537க்கு முந்தைய ஒரு பட்டணம்

பெங்களூரின் வணிக வரலாற்றைக் கெம்பே கௌடர் 1537இல் எழுப்பிய பேட்டையிலிருந்து தொடங்குவது ஆய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் இங்கிருந்தவை ஏரிப்பாசன ஊர்களே என்றும், கிழக்கே உள்ள டொம்லூரும் அவற்றுள் ஒன்றே என்றும் கொள்வர். டொம்லூர்ச் சொக்கப்பெருமாள் கோயில் கல்வெட்டுகளை ஒருசேரப் படித்தால் இக்கருத்து நிலைக்காது.

இக்கல்வெட்டுகளில் ஊரின் பெயர் தொம்பலூர். தேசிமாணிக்கப்பட்டணம் என்பது மறுபெயர். பெயரை மட்டும் கொண்டு வணிக நகரம் என்று முடிவுகட்ட மாட்டேன். மன்னர்கள் சிற்றூர்களுக்கும் பெரும்பெயர் சூட்டியதுண்டு. வழக்கைத் தீர்க்கவேண்டியவை கொடைச் செய்திகளே.

வேளாண் ஊர் என்போர் பெரிதும் நம்புவது, தலைக்காட்டு என்பவரும் அவர் மனைவியும் இறைவனுக்கு நிலம் அளித்த தமிழ்க் கல்வெட்டை. நிலக்கொடை இருப்பதால் ஊர் உழவூர் என்கிறார்கள். அந்த நிலம் எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. அது ஜலப்பள்ளியிலும் விண்ணமங்கலம் ஏரியை ஒட்டியும் இருக்கிறது. இரண்டும் தொம்பலூருக்கு வெளியே உள்ளவை. ஊரின் சொந்த வருவாயிலிருந்து கோயிலுக்கு என்ன வந்தது என்பதை 1290ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது: ஹொய்சள வீர ராமநாதன் தொம்பலூர் வருவாயிலிருந்து அளித்தது பத்துப் பொன். நிலம் வெளியூரில் இருக்க, உள்ளூர் பொன்னாகச் செலுத்துகிறது. பொன் வெறும் கணக்கு அலகாக இருக்கலாம் என்று மறுக்கலாம். அப்படியே இருந்தாலும், வருவாயைப் பொன்னில் கணக்கிடும் பழக்கம் ஊருக்குள் வந்துவிட்டது என்பது மாறாது.

கட்டடமும் இதையே உணர்த்துகிறது. 1270இல் அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்களைக் கொடுத்தார். ஒரு வாசலுக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு உறுப்புகள், அவ்வளவுதான். ஆயினும் கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறித்தார்கள். அரசன் ஒரே மூச்சில் எழுப்பிய கோயிலில் தனியொருவர் நிலைக்கால் தருவதற்கு இடமிருக்காது. கைப்பொருள் உள்ள குடிகள் உறுப்பு உறுப்பாகச் சேர்த்து வளர்த்த கோயில் இது என்றே கருதுகிறேன்.

பிற்காலச் சான்று இன்னும் தெளிவானது. விஜயநகரத் தேவராயர் காலத்தில் வரிகளோடு சுங்கமும் வீடுகளும் கிணறுகளும் கோயிலுக்கு விடப்பட்டன. சரக்குப் போக்குவரத்து இல்லாத ஊரில் சுங்கத்தைக் கொடையாகத் தருவதில் பொருளில்லை. 1440ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டில் சொக்கநாதர் என்றும் அழைக்கப்படும் இவ்விறைவனுக்கு ஏற்பாடு செய்பவர்கள் பாஞ்சாலர்கள், அதாவது கொல்லர், தச்சர், கன்னார், சிற்பி, தட்டார் எனும் ஐந்தொழிலாளர். ஒரு தொழிற்குழு கூடிக் கோயிலுக்கு வகைசெய்யும் அளவுக்கு அங்கே நிலைபெற்றிருந்தது. பேட்டை எழ அப்போது இன்னும் 97 ஆண்டுகள் இருந்தன.

இவை ஒரே காலத்துச் சான்றுகள் அல்ல, நூற்றெழுபது ஆண்டுகளில் பரவியவை என்பது உண்மை. ஆனால் அவை காட்டும் திசை ஒன்றே.

இக்கல்வெட்டுகளுக்கு, 1905இல் வெளியான எபிகிராபியா கர்நாடிகா ஒன்பதாம் தொகுதியின் பாடங்களையே இன்றும் பலர் சார்ந்திருக்கிறார்கள். மிதிக் சொசைட்டி பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவுசெய்துவரும் இந்நேரத்தில், தொம்பலூரின் தமிழ்ப் பாடங்களைத் தமிழறிந்தவர்கள் கல்லோடு ஒப்பிட்டு மீண்டும் வாசித்து வெளியிட வேண்டும்.